வெத்துச் சிவப்பு

என் வீட்டுக்காரர் கிண்டல் இல்லாமல் பேசினால் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று அர்த்தம். பதினோரு வருடக் குடித்தனத்தில் அவர் அப்படிப் பேசியது இரண்டே முறை. ஒன்று, அவருடைய அப்பா இறந்த அன்று. இன்னொன்று, அந்த மழை நாளில், மாலை ஐந்தே முக்காலுக்கு.

"பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. கார் அனுப்பு," என்றார். அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் மீதி எதுவும் புரியாது.

ஒரு டாக்சி கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். ஊர் வரைபடத்தை நாற்பது கட்டமாகப் பிரித்துச் சுவர் அகலத் திரையில் போட்டிருப்போம். ஒரு கட்டத்தில் கார்கள் தாராளமாக இருந்தால் பச்சை. கொஞ்சம் இழுபறி என்றால் மஞ்சள். கேட்கிற ஆட்கள் அதிகம், கார்கள் குறைவு என்றால் சிவப்பு. சிவப்பிலும் மூன்று படி உண்டு. படி ஏற ஏறக் கட்டணம் ஏறும். ஓட்டுநர்களின் போனிலும் இதே வரைபடம்தான். எங்கே சிவப்போ அங்கே ஓடுவார்கள். காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும் ஊரே ஒரே குரலில் டாக்சி கேட்கும். அந்த நேரத்தில் கார்களை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே நகர்த்திச் சரிக்கட்டுவதுதான் எனக்குச் சம்பளம். அந்த நேரத்தில் என்னிடம் யாராவது பேச்சுக் கொடுத்தால் கடித்துக் குதறிவிடுவேன் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நிறத்தைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். ஆனால் அது போடுகிற சிவப்பு, காரியம் கெட்ட பிறகு வருகிற சிவப்பு. ரயில் நிலையத்தில் நானூறு பேர் இறங்கி நனைந்துகொண்டு நிற்கும்போது சிவப்பு காட்டி யாருக்கு என்ன பயன்? கார் வந்து சேர இருபது நிமிடம் ஆகும். அதனால் ஆள் வருவதற்கு முன்பே, வருவார்கள் என்று கணக்குப் போட்டு, நாங்களே கையால் சிவப்புப் பூசுவோம். ஏழு நிமிடம் நிற்கும். பிறகு தானாகக் கலைந்துவிடும். அதற்குள் கார்கள் கிளம்பியிருக்கும். மேலாளர் இதற்கு 'முன்னேற்பாடு' என்று பெயர் வைத்திருந்தார். ஓட்டுநர்கள் வைத்த பெயர் 'வெத்துச் சிவப்பு'. பல நாள் நாங்கள் நினைத்த கூட்டம் வராது. ஓடி வந்தவர்கள் ஈயோட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போன் போட்டுத் திட்டுவார்கள். இப்போதுவரை கூட்டம் இருந்தது, நீங்கள்தான் தாமதம் என்று நாக்கூசாமல் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தங்களுக்குள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் பேசிவைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் ஆப்பை அணைத்துவிடுவார்கள். பத்துக் கார் ஒரே தெருவில் நிற்கும், வரைபடத்தில் பூஜ்யம் காட்டும். கார் பஞ்சம் என்று நம்பிக் கம்ப்யூட்டர் சிவப்பை ஏற்றிக்கொண்டே போகும். நன்றாகக் கனிந்ததும் ஒன்றாகத் திறப்பார்கள். போன மாதம் அப்படி ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். பேசினால் பாதி வாய்க்குள்ளேயே போய்விடும் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் முணுமுணுப்பு. மூன்று நாள் சவாரி கிடைக்காதபடி அவரை முடக்கி வைத்தேன். நேரில் வந்து நின்று, "நீங்க பூசினா முன்னேற்பாடு, நாங்க அணைச்சா திருட்டா மேடம்?" என்று கேட்டார். அதை மட்டும் முணுமுணுக்காமல் தெளிவாகவே கேட்டார். நான் திரையை விட்டுத் தலையைத் திருப்பக்கூட இல்லை.

இனி அந்த நாள். நான்கு மணிக்குப் பிடித்த மழை விடவே இல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் உயரமான அலுவலகக் கட்டடங்கள் இருக்கும் பன்னிரண்டாம் கட்டம். ஆறு மணிக்கு அத்தனை பேரும் இறங்கி வாசலில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஐந்து இருபதுக்கே அங்கே இரண்டாம் படிச் சிவப்பை அழுத்தமாகப் பூசினேன். அக்கரையிலிருந்து கார்கள் பாலத்தில் ஏறத் தொடங்கின. வெல்லத்தைக் கண்ட எறும்பு மாதிரி வரிசையாக வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து இருக்கைப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மூக்கில் நிற்காத கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே இருப்பதால் அவளுக்குப் பெயரே கண்ணாடி என்று ஆகிவிட்டது. "அக்கா, முப்பத்தொண்ணுல சுத்தமா கார் இல்ல. பூஜ்யம்," என்றாள்.

"அங்க இப்ப யாருக்குடி டாக்சி? எல்லாரும் வீட்ல கால் நீட்டி டீ குடிச்சிட்டிருப்பாங்க," என்றேன்.

முப்பத்தொன்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. என் வீடு அங்கேதான்.

வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறிய வீட்டுக்காரர் விழுந்து காலை உடைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டு. பல்பு எரிகிறது, நான்தான் ஃபியூஸ் போய்விட்டேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு வயதுப் பாப்பா பள்ளியிலிருந்து வந்து அவரோடு இருப்பாள். அவளுக்கு மூன்று வயதிலிருந்தே ஆஸ்துமா. மழை பிடித்தால் இழுப்பும் பிடிக்கும். அதனால் வீட்டில் நெபுலைசர் வாங்கி வைத்திருந்தோம். மருந்தை ஊற்றிச் சுவிட்சைப் போட்டால் கால் மணியில் மூச்சு சீராகிவிடும். சுவிட்சைப் போட்டால். அன்று நான்கரையிலிருந்தே அந்தப் பக்கம் மின்சாரம் இல்லை.

இதையெல்லாம் போனில் கேட்டு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். இன்ஹேலரை எட்டு தடவை அடித்தாயிற்று, அடங்கவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டாயிற்று. எங்கள் பக்கத்து வண்டி வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போய்விட்டது, இன்னொன்று இக்கரையிலிருந்து வர வேண்டும், பாலம் அடைத்துக் கிடக்கிறது, நாற்பது நிமிடம் ஆகும் என்றார்களாம். பாலத்தை அடைத்தது யார் என்று எனக்கு அப்போதே தெரியும். மாடி வீட்டுக்காரர்கள் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. மருத்துவமனை எங்கள் முப்பத்தொன்றுக்குள்ளேயேதான், காரில் பத்தே நிமிடம். ஒற்றைக் காலில், எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மழையில் அவரால் பத்தடி நடக்க முடியாது.

போனை அவள் பக்கம் பிடிக்கச் சொன்னேன். ஒரு சின்ன விசில் சத்தம் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது. அம்மா என்று அவள் சொல்லவில்லை. சொல்ல மூச்சில்லை.

"வாசல் கேட்டுகிட்ட வந்து நில்லுங்க. அஞ்சு நிமிஷத்துல கார் வரும்," என்றேன்.

டாக்சிக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள் வேறென்ன சொல்வாள்? வீட்டு விலாசத்துக்குப் பதிவு போட்டுவிட்டு முப்பத்தொன்றைத் திறந்தேன். பூஜ்யம். முப்பத்திரண்டு, பூஜ்யம். மிகப் பக்கத்தில் இருந்த கார் பாலத்தின் நடுவில், இந்தப் பக்கம் முகம் காட்டி, அசையாமல் நின்றது.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் வாய்விட்டுக் கத்தியிருப்பாள், அக்கம்பக்கத்துக்குப் போன் போட்டிருப்பாள். நான் பூசினேன். ஒரு கட்டம் காலியானால் விரல் தானாக அங்கேதான் போகும். முப்பத்தொன்றில் முதல் படிச் சிவப்பு. பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம். ஒரு கார்கூடத் திரும்பவில்லை. அழித்துவிட்டு இரண்டாம் படி பூசினேன். மூன்று நிமிடம். ஒன்றும் இல்லை. மறுபடி அழித்துவிட்டு மூன்றாம் படி பூசினேன். அந்தக் கட்டம் இரத்தமாகச் சிவந்து நின்றது, அதற்குள் ஒரு புள்ளிகூட இல்லை. கை பட்டு மவுஸ் மேசையிலிருந்து விழுந்தது. கண்ணாடிதான் எடுத்து வைத்தாள். நான் அதட்டாமல் இருந்ததைப் பார்த்து அவளுக்கும் பயம் வந்துவிட்டது.

பாலத்திலிருந்த ஓட்டுநர்களுக்குப் போன் போட்டேன். முதலாவது ஆள் முன்னால் இருநூறு வண்டி நிற்கிறது, பின்னால் முந்நூறு நிற்கிறது, பறந்துதான் வர வேண்டும் என்றார். "நீங்க கூப்பிட்டுத்தான மேடம் வந்தேன்," என்று அலுத்துக்கொண்டார். இரண்டாவது ஆளிடம் முப்பத்தொன்றில் அவசரம் என்றேன். நேற்று ஸ்டேஷனில் அவசரம் என்றீர்களே, முக்கால் மணி நேரம் தேவுடு காத்தேனே என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்றாவது ஆள் எடுக்கவே இல்லை. என் எண்ணைப் பார்த்தால் யாரும் எடுப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஐந்து ஐம்பத்தாறுக்கு வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டார். பின்னால் மழைச் சத்தம். கேட்டுக்கு வந்துவிட்டார் போல.

"எங்க இருக்கு கார்?"

"வருது."

"உதடு நீலமா ஆகுது. பொய் சொல்லாத. வருதா?"

நான் திரையைப் பார்த்தேன். பூஜ்யம். அவர் வைத்துவிட்டார். பிள்ளை போய்விடுவாள் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததும் அதை நினைத்துவிட்டேனே என்று இன்னும் பயம் வந்தது.

மேலாளர் மேசையில் ஒரு மைக் இருக்கும். அதில் பேசினால் ஆப் திறந்திருக்கும் அத்தனை ஓட்டுநர்களின் போனிலும் ஒலிக்கும். வெள்ளம், விபத்து என்றால் மட்டும் பேசுவதற்காக வைத்தது. கார்களை இழுப்பதற்காக அதிலும் நாங்கள் கதை விட்டிருக்கிறோம். ஓடிப்போய் அதை எடுத்தேன். மேலாளர் எழுந்து நின்றார். என்ன விஷயம், என்னிடம் சொல், நான் பேசுகிறேன் என்றார். எனக்கு அவரிடம் விளக்க நேரமில்லை. பொத்தானை அழுத்திவிட்டேன்.

"நான் கன்ட்ரோல் ரூம்ல இருந்து பேசுறேன். உங்க எல்லாருக்கும் என் குரல் தெரியும். சிவப்பு பூசுறது நான்தான். நேத்து ஸ்டேஷன்ல போட்டது வெத்து. இன்னிக்குப் பன்னிரண்டுல போட்டதும் வெத்து, அங்க இன்னும் யாரும் வரல. உங்கள ரெண்டு வருஷமா ஏமாத்தியிருக்கேன்."

மேலாளர் கையை நீட்டினார். கண்ணாடி குறுக்கே வந்து நின்றாள். தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், அடி விழும் என்று நினைத்தாளோ என்னவோ.

"முப்பத்தொண்ணுல இருக்கிறது வெத்து இல்ல. அது என் பொண்ணு. மூச்சு விட முடியாம கேட்டுகிட்ட நிக்குறா. அவ அப்பாவுக்குக் கால்ல கட்டு. பள்ளிக்கூடத்துக்குப் பின் தெரு, பச்சைக் கேட்டு. யாராவது போங்க. என்ன நம்ப வேண்டாம். போய்ப் பாருங்க."

பொத்தானை விட்டேன். திரையில் எந்தப் புள்ளியும் அசையவில்லை. மேலாளர் மைக்கை என் கையிலிருந்து வாங்கி அதன் இடத்தில் வைத்தார். நீ என்ன காரியம் செய்திருக்கிறாய் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். தெரியும் என்றேன். அப்போது என் போன் அடித்தது.

முணுமுணுப்பு.

"பச்சைக் கேட்டு உங்க வீடா மேடம்?"

ஆமாம் என்றேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். முப்பத்தொன்றில்தான் ஒருவருமே இல்லையே.

"பக்கத்துலதான்," என்றார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "வண்டிய எடுத்துட்டேன்."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வீட்டுக்காரரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை செய்தியாக வந்தது: ஏறிட்டோம்.

பையைக்கூட எடுக்காமல் கிளம்பினேன். பாலத்தில் எந்த வண்டியும் நகரவில்லை, அதனால் நடந்தேன். நடை என்ன நடை, பாதி ஓட்டம். முன்பக்கக் கண்ணாடி துடைப்பான்கள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. வரிசையில் மூன்றில் ஒன்று எங்கள் கம்பெனிக் கார். பின் இருக்கைகள் காலி. ஓட்டுநர் மட்டும் கையை ஸ்டியரிங்கில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது, ஐம்பது காலிக் கார்கள். எல்லாவற்றையும் நான்தான் கூப்பிட்டிருந்தேன். சிலர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்கள். ஒருவர் குடையை நீட்டினார். வாங்கிக்கொள்ள நிற்கவில்லை.

பாலத்தின் நடுவில் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. விளக்கு சுழன்றுகொண்டிருந்தது, சத்தத்தை அணைத்துவிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குக் கிளம்பிய வண்டியாக இருக்க வேண்டும். அதைத் தாண்டியதும் நின்றேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. எடுக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பிள்ளையை மடியில் வைத்திருப்பார், கை காலியாக இருக்காது. எனக்குத் தோன்றியது ஒரே காரணம். கீழே ஆறு கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. வாய்விட்டு அழுதுகொண்டே நடந்தேன். மழையில் யாருக்குத் தெரியப் போகிறது?

அக்கரையில் பாலம் இறங்குகிற இடத்தில் ஒரு கார் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. எங்கள் கம்பெனிக் கார்தான். ஓட்டுநர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். முகம் பழக்கமில்லை. "ஏறுங்க மேடம். உங்க பொண்ண ஏத்திட்டுப் போனவர்தான் நிக்கச் சொன்னாரு," என்றார். அவருடைய போன் முன்னால் மாட்டியிருந்தது. ஆப் அணைந்திருந்தது. இந்தப் பக்கம் ஒரு காரும் இல்லையே, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

அவசர சிகிச்சைப் பிரிவு கீழ்த்தளத்திலேயே இருந்தது. மூன்றாவது கட்டிலில் பாப்பா. முகத்தில் பாதியை மறைத்து மாஸ்க், அதற்குள் மருந்துப் புகை. கழுத்துக் குழி உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது. உதட்டைப் பார்த்தேன். வெளிறித்தான் இருந்தது, ஆனால் நீலம் இல்லை. என்னைப் பார்த்ததும் மாஸ்க்கைக் கழற்றப் போனாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்து வைத்தார். ஊசி போட்டிருக்கிறோம், இன்று இரவு இங்கேயே இருக்கட்டும், இனி பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்ற வார்த்தையை அவரை இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.

வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில், மாவுக்கட்டை ஒரு ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டு மழையில் ஊறிப் பொதபொதவென்று இருந்தது. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீந்தி வந்தியா?" என்றார்.

அந்த ஒரு கிண்டலுக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிண்டல் வந்துவிட்டது என்றால் பிள்ளை பிழைத்துவிட்டாள். மாஸ்க், ஊசி, நர்ஸ் எதையும்விட எனக்கு அதுதான் நிச்சயம். அவர் என் ஈரத் தலையில் கையை வைத்தார்.

"உங்க கம்பெனில ஒரே காரை ரெண்டு தடவ அனுப்புவீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"முதல் தடவ நான் கேட்டுக்கு வந்து நின்னதுமே போச்சு. ரெண்டு கையாலயும் பாப்பாவத் தூக்கிட்டிருந்தேன், முழங்கையாலதான் காட்டினேன். ரொம்பப் பதவிசா, ஒரு சொட்டுத் தண்ணி எங்க மேல படாம ஒதுங்கிப் போனாரு. ரெண்டாவது தடவ வந்து நின்னாரு. அதே கார். பின்னாடி விளக்கு ஒண்ணு உடைஞ்சிருக்கும்."

வாசல் பக்கம் யாரோ அசைந்தார்கள். முணுமுணுப்பு நின்றிருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பாப்பாவின் ஒற்றைச் செருப்பு கையில் இருந்தது. காரில் விழுந்திருக்க வேண்டும். எழுந்து வெளியே போனேன். அவர் செருப்பைக் கொடுத்தார். அவர் பேசக் காத்திருந்தேன். வாய்க்குள் முணுமுணுப்பார் என்று நினைத்தேன். அவர் அன்றும் தெளிவாகவே பேசினார்.

பன்னிரண்டாம் கட்டத்துச் சிவப்பை அவர்கள் ஆறு பேர் நம்பவில்லையாம். ஆப்பை அணைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் பயணிகளின் ஆப்பைத் திறந்து, அதிலும் தெரிகிற நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர்கள் நின்ற கட்டமே சிவந்தது. நிஜமாக இருந்தால் ஏறும், வெத்தாக இருந்தால் கலையும், பார்க்கலாம் என்று பள்ளிக்கூடச் சுவர் ஓரம் வண்டிகளைக் கொண்டுபோய்ப் போட்டுக் காத்திருந்தார்கள். அது எங்கள் கேட்டிலிருந்து இருநூறு அடி. மூலை திரும்பினால் தெரியும். ஒற்றைக் காலில் மூலை திரும்ப முடியாது.

"நீங்க அழிச்சு அழிச்சுப் பூசினீங்க. வெத்துதான்னு ஒருத்தர் சொன்னாரு. இல்ல, ஏறுதுன்னு இன்னொருத்தர் சொன்னாரு. மூணாம் படி வந்ததும், இன்னும் கொஞ்சம் பார்ப்போம்னு இருந்துட்டோம். பாலத்துல இருந்த ஒருத்தர் நீங்க பேசினதக் குழுவுல போட்டாரு. அப்பத்தான் கேட்டோம்."

கையிலிருந்த குட்டிச் செருப்பைப் பார்த்துக்கொண்டே, என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம்.

"பார்த்தேன். சுவர் ஓரத்துக்குப் போற வழிதான். குழந்தை தூங்குதுன்னு நினைச்சேன். நிறுத்தினா பேசி வச்சது கெட்டுடும்னு போயிட்டேன்." ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தார். "சிவப்பு வராம இருந்திருந்தா நிறுத்தியிருப்பேன் மேடம். டீயை முடிச்சிட்டு இதே வழியா வீட்டுக்குத்தான் கிளம்பியிருப்பேன்."

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். திட்டுவதில் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது. ஆனால் திட்டவில்லை. அவரும் என்னைத் திட்டவில்லை. பிறகு அவர் குழந்தைக்கு வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வாசலிலேயே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து பாப்பாவின் முதுகில் கையை வைத்தேன். உள்ளங்கைக்குக் கீழே மூச்சு ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒவ்வொரு தடவையும் அடுத்தது வருமா என்று பயந்து பயந்து எண்ணினேன். ஜன்னல் வழியாக மருத்துவமனை வாசல் தெரிந்தது. மழையில் ஆறு கார்கள் வரிசையாக நின்றன. கடைசிக் காரில் பின்விளக்கு ஒன்று உடைந்திருந்தது.

பழக்கதோஷத்தில் போனை எடுத்து வரைபடத்தைத் திறந்தேன். நான் பூசிய சிவப்பு எப்போதோ கலைந்திருந்தது. முப்பத்தொன்றாம் கட்டத்தில் கார்கள் எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டியது.